புராஸ்டேட்டில் பூஞ்சைத் தொற்று, கண்டுபிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் பூஞ்சைக் கல்ச்சர் பார்ப்பது, அதாவது சாம்பிளில் இருக்கும் பூஞ்சையைத் தட்டில் வளர்த்துக் கண்டுபிடிப்பது, என் வேலை. புராஸ்டேட்டிலிருந்து பூஞ்சை வளர்ந்து நான் பார்த்தது சில முறைதான். அந்தச் சிலரும் எங்களிடம் வந்து சேர்வதற்குள் மாதக்கணக்கில் அலைந்திருந்தார்கள். அவர்களும் வீட்டாரும் கேட்ட கேள்விகள், பயிற்சி டாக்டர்கள் போனில் கேட்கும் கேள்விகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். உங்களைப் பார்க்கும் டாக்டரின் முடிவுக்கு இது மாற்றாகாது. அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள உதவும்.

புராஸ்டேட்டில் பூஞ்சை வருமா? கேள்விப்பட்டதே இல்லையே.

வரும், ஆனால் அரிதாக. புராஸ்டேட் ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்கு அடியில், சிறுநீர்க் குழாயைச் சுற்றி, பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும். அதில் தொற்று வந்தால் பெரும்பாலும் ஈ.கோலை போன்ற பாக்டீரியாதான் காரணம். நாள்பட்ட அடியிடுப்பு வலியோடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு எந்தக் கிருமியும் அகப்படுவதே இல்லை. அதனால்தான் டாக்டர்களுக்குப் பூஞ்சை நினைவுக்கு வரத் தாமதமாகிறது.

பூஞ்சை இங்கே வந்து சேர இரண்டு வழி உண்டு. ஒன்று, சிறுநீர்ப் பாதை வழியாகக் கீழிருந்து மேலே ஏறுவது. கேண்டிடா என்ற பூஞ்சை பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. இன்னொன்று, மூச்சோடு நுரையீரலுக்குள் போய், அங்கிருந்து ரத்தத்தில் கலந்து வந்து தங்குவது. மற்ற பூஞ்சைகள் எல்லாம் பெரும்பாலும் இந்த ரகம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. புராஸ்டேட்டில் தொந்தரவு தெரியும் நேரத்தில் நுரையீரல் ஆறிப்போயிருக்கலாம். எப்போதோ வந்து போன இருமலை யாரும் இதோடு முடிச்சுப் போட மாட்டார்கள்.

எந்தெந்தப் பூஞ்சைகள்? யாருக்கு வரும்?

நம் ஊரில் முதலில் நினைக்க வேண்டியது கேண்டிடா. கட்டுப்படாத சுகர், நாள்கணக்கில் இருந்த யூரின் ட்யூப், திரும்பத் திரும்பப் போட்ட ஆன்டிபயாடிக், இந்த மூன்றும் ஒருவரிடம் சேர்ந்துவிட்டால் கேண்டிடாவுக்கு வழி திறந்தாயிற்று. புராஸ்டேட்டில் சீழ்க்கட்டி வைக்கவும் அதனால் முடியும்.

அடுத்தது கிரிப்டோகாக்கஸ். புறா எச்சம் கலந்த மண்ணிலும் தூசியிலும் இருக்கும். எச்.ஐ.வி. தொற்று முற்றியவர்களுக்கு இதனால் மூளைச்சவ்வுக் காய்ச்சல் வருவது தெரிந்ததுதான். அந்தக் காய்ச்சல் குணமான பிறகும் சிலருடைய புராஸ்டேட்டில் இந்தப் பூஞ்சை உயிரோடு தங்கியிருப்பதை 1989இல் அமெரிக்க மருத்துவர்கள் எடுத்துக்காட்டினார்கள். நோய் திரும்பி வர அது ஒரு பதுங்குமிடம் என்று அப்போதுதான் புரிந்தது. உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் ஆகியோருக்கும் இது வரலாம்.

ஹிஸ்டோபிளாஸ்மா வௌவால், பறவை எச்சம் கலந்த மண்ணில் வளர்வது. இந்தியாவில் கங்கைச் சமவெளிப் பக்கம் அதிகம் பேசப்படும். பிளாஸ்டோமைசிஸ், காக்சிடியாய்டிஸ் இரண்டும் முக்கியமாக அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. அவற்றைப் பற்றித் தனியாகக் கீழே சொல்கிறேன். ஆஸ்பர்ஜில்லஸும் வரும், ஆனால் அது அரிதிலும் அரிது.

அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதா?

முடியாது. அடிக்கடி சிறுநீர் போவது, எரிச்சல், போக முடியாமல் அடைத்துக்கொள்வது, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே வலி, விந்தில் ரத்தம் என்று எல்லாமே சாதாரண புராஸ்டேட் வீக்கத்திலும் வருபவைதான். சிலருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது, பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் ரத்த அளவு) மட்டும் கூடியிருக்கும்.

எங்களைச் சந்தேகப்பட வைப்பது கூடவே வரும் சங்கதிகள். இரண்டு மூன்று சுற்று ஆன்டிபயாடிக் முடிந்தும் விடாத காய்ச்சல், காரணம் தெரியாத எடைக்குறைவு, ஆறாத தோல் புண், விதையை ஒட்டிய வீக்கம், நுரையீரலில் ஒரு நிழல். இவற்றில் ஒன்று இருந்தாலும் பூஞ்சையை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

யூரின் கல்ச்சரில் வளர்ச்சி இல்லை என்று வந்துவிட்டதே. அப்புறம் என்ன?

அது வழக்கமான பாக்டீரியா கல்ச்சர். ஒன்றிரண்டு நாள் பார்த்துவிட்டுத் தட்டைக் கழித்துவிடுவோம். கேண்டிடா அதற்குள் வளர்ந்துவிடக்கூடும். மற்றவை தலைகாட்டவே நாளாகும். பூஞ்சைக் கல்ச்சர் என்று தனியாக எழுதிக் கொடுத்தால்தான் சாபுராட் என்ற, பூஞ்சை வளர்க்கும் ஊடகத்தில் போட்டு வாரக்கணக்கில் வைத்திருப்போம்.

இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் கப்பில் பிடித்துக் கொடுத்தது சிறுநீர்ப்பையில் இருந்த நீர். புராஸ்டேட்டின் கசிவு அதில் இல்லாமலே போயிருக்கலாம். 1968இல் மியர்ஸ், ஸ்டேமி என்ற இரு மருத்துவர்கள் நான்கு குப்பி முறை ஒன்றைச் சொன்னார்கள். முதலில் வரும் சிறுநீர், நடுவில் வருவது, ஆசனவாய் வழியாக விரலால் புராஸ்டேட்டை அழுத்திவிட்டதும் வரும் கசிவு, அதன் பிறகு வரும் சிறுநீர் என்று நான்கையும் தனித்தனியாகப் பரிசோதிப்பது. இப்போது பலரும் அழுத்துவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று என இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நடைமுறைக்கு அது போதும். முன்னதில் இல்லாத பூஞ்சை பின்னதில் வந்தால் அது புராஸ்டேட்டிலிருந்து வந்தது என்று தைரியமாகச் சொல்லலாம். பிளாஸ்டோமைசிஸையும் கிரிப்டோகாக்கஸையும் பயாப்ஸி (ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது) இல்லாமலே பிடிக்க இது நல்ல வழி.

கடுமையான காய்ச்சலோடு, தொட்டாலே வலிக்கிற நிலையில் இருப்பவருக்கு இந்த அழுத்தம் கொடுக்கவே கூடாது. கிருமி ரத்தத்தில் பாய்ந்துவிடும்.

யூரினில் கேண்டிடா என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. புராஸ்டேட்டில் பூஞ்சை என்று அர்த்தமா?

பெரும்பாலும் இல்லை. ட்யூப் போட்டிருப்பவர்களின் சிறுநீரில் கேண்டிடா சும்மா குடியிருக்கும். ட்யூபை எடுத்துவிட்டு, அல்லது புதிதாக மாற்றிவிட்டு, மறுபடி பரிசோதித்தால் பலருக்கு அது காணாமல் போயிருக்கும். போகாமல் இருந்து, கூடவே காய்ச்சலும் அடியிடுப்பு வலியும் இருந்தால் ஸ்கேனில் புராஸ்டேட்டைப் பார்க்க வேண்டும். ஆசனவாய் வழி அல்ட்ராசவுண்டிலோ சி.டி.யிலோ சீழ்க்கட்டி தெரிந்தால் ஊசி போட்டுச் சீழை உறிஞ்சி அனுப்பச் சொல்லுங்கள். பாக்டீரியா, பூஞ்சை, டி.பி. மூன்றுக்கும் அந்தச் சீழை அனுப்ப வேண்டும். சீழை வடித்துவிட்டு ஒன்றுக்கு மட்டும் அனுப்பி, மிச்சத்தைக் கொட்டிவிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

பி.எஸ்.ஏ. ஏறியிருக்கிறது, எம்.ஆர்.ஐ.யில் புற்றுநோய் மாதிரி இருக்கிறது என்கிறார்கள். பூஞ்சையாக இருக்க வாய்ப்புண்டா?

உண்டு. பூஞ்சையோ டி.பி.யோ புராஸ்டேட்டில் கிரானுலோமா என்ற அழற்சி முடிச்சுகளை உண்டாக்கும்போது, விரலுக்குக் கல் மாதிரி கெட்டியாகத் தட்டுப்படும், பி.எஸ்.ஏ. கூடும், எம்.ஆர்.ஐ.யிலும் புற்றுநோய் போலவே நிழல் விழும். படத்தை வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் இதைப் படித்துவிட்டு, "எனக்குப் பூஞ்சையாகத்தான் இருக்கும், பயாப்ஸி வேண்டாம்" என்று தயவுசெய்து முடிவெடுக்காதீர்கள். நடுத்தர வயதைத் தாண்டிய ஆண்களுக்குப் புற்றுநோய்க்கான வாய்ப்பே பல மடங்கு அதிகம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். சந்தேகத்தைத் தீர்ப்பது பயாப்ஸிதான்.

பயாப்ஸி எடுக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

இரண்டு பாட்டில். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பயாப்ஸி எடுத்த சதைத் துணுக்குகள் வழக்கமாக ஃபார்மலின் பாட்டிலில் போடப்பட்டு நோய்க்கூறியல் துறைக்குப் போகும். சதை அழுகாமல் காக்கும் ஃபார்மலின், அதில் இருக்கும் எல்லாக் கிருமியையும் கொன்றும்விடும். கொன்ற பூஞ்சையை எங்களால் வளர்க்க முடியாது. அதனால் ஒன்றிரண்டு துணுக்குகளை, கிருமி நீக்கிய பாட்டிலில் கொஞ்சம் சலைன் (உப்பு நீர்) விட்டு, அதில் போட்டு நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கு உடனே அனுப்ப வேண்டும். கூடுதல் செலவு ஒரு பாட்டில்தான்.

சுகர் நோயுள்ள ஒரு பெரியவருக்கு நடந்ததை மறக்க முடியவில்லை. ஆன்டிபயாடிக் எதுவும் கேட்காமல், கடைசியில் பயாப்ஸி எடுத்தார்கள். எங்களுக்கு வந்த பாட்டிலைத் திறந்ததும் ஃபார்மலின் நெடி மூக்கில் ஏறியது. கல்ச்சர் போட வழியில்லை என்று திருப்பி எழுத வேண்டியதாயிற்று. அவர் மறுபடி ஒருமுறை அந்த ஊசிகளைத் தாங்கினார். "முதல் தடவையே சொல்லியிருந்தால் நானே பாட்டில் வாங்கி வந்திருப்பேனே" என்று அவர் மகன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று முதல் சிறுநீரகவியல் பிரிவிலிருந்து யார் போன் செய்தாலும் முதலில் நான் சொல்வது இரண்டு பாட்டில்.

எந்த வழியாக ஊசி போகிறது என்பதும் எங்களுக்குத் தெரிய வேண்டும். ஆசனவாய் வழியாக எடுத்தால் குடலில் இயல்பாக இருக்கும் கேண்டிடா சாம்பிளில் ஒட்டிக்கொண்டு வரலாம். அப்போது கல்ச்சரில் வளர்ந்தது மட்டும் போதாது, சதைக்குள்ளும் பூஞ்சை தெரிந்தால்தான் நம்புவோம். விதைப்பைக்குப் பின்னால் தோல் வழியாக எடுத்தால் இந்தக் குழப்பம் குறைவு.

சரி, ஃபார்மலினில் மட்டும்தான் போட்டுவிட்டார்கள், அதற்காக எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம். அந்தச் சதை மெழுகுக் கட்டியாகப் பாதுகாக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து புதிய சீவல் எடுத்துப் பூஞ்சைச் சாயம் போட்டுப் பார்க்கலாம். வசதியுள்ள இடங்களில் பூஞ்சையின் டி.என்.ஏ.வைத் தேடலாம். கல்ச்சர் அளவுக்கு உறுதி கிடைக்காது, ஆனாலும் இரண்டாவது பயாப்ஸியைத் தவிர்க்க முடிந்தால் நல்லதுதானே.

ரிப்போர்ட்டில் "கிரானுலோமா" என்று இருக்கிறது. டி.பி. மாத்திரை ஆரம்பித்துவிடலாமா?

நம் நாட்டில் கிரானுலோமா என்றதும் டி.பி. நினைவுக்கு வருவது இயல்பு, பல நேரம் சரியும்கூட. ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்காக உள்ளே பி.சி.ஜி. மருந்து ஏற்றிக்கொண்டவர்களுக்கும் இதே முடிச்சுகள் வரும். எந்தக் கிருமியும் இல்லாமலும் வரும். பூஞ்சையாலும் வரும்.

டி.பி.க்கான சாயத்தோடு ஜி.எம்.எஸ்., பி.ஏ.எஸ். என்ற இரண்டு பூஞ்சைச் சாயங்களையும் சேர்த்துப் போடச் சொல்லிக் கேளுங்கள். வழக்கமான சாயத்தில் கண்ணுக்குத் தப்பும் பூஞ்சை, ஜி.எம்.எஸ்.ஸில் பச்சைப் பின்னணியில் கறுப்பாகப் பளிச்சென்று நிற்கும். இது ஏன் அவசரம் என்றால், கிருமியில்லாத கிரானுலோமா என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுப்பது உண்டு. உள்ளே இருப்பது பூஞ்சையாக இருந்தால் ஸ்டீராய்டு அதை உடம்பெங்கும் பரப்பிவிடும்.

நுண்ணோக்கியில் பார்த்தே பெயர் சொல்லிவிடுவீர்களா?

பல நேரம் முடியும், எங்கள் வேலையில் எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான். ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 7 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். ஹிஸ்டோபிளாஸ்மா 2 முதல் 4 மைக்ரான், வெள்ளணுக்களின் வயிற்றுக்குள் கூட்டமாக அடைந்திருக்கும். கிரிப்டோகாக்கஸ் 4 முதல் 10 வரை, சுற்றிலும் வழுவழுப்பான உறை. மியூசிகார்மைன் என்ற சாயத்தில் அந்த உறை சிவக்கும். பிளாஸ்டோமைசிஸ் 8 முதல் 15, தடித்த சுவர், தாயும் மொட்டும் அகலமான அடியோடு ஒட்டியிருக்கும். அதை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். காக்சிடியாய்டிஸ் மொட்டு விடாது. 20 முதல் 100 மைக்ரான் வரையோ அதற்கு மேலோ பெரிய உருண்டை, உள்ளே மாதுளை முத்து மாதிரி குட்டி உருண்டைகள். கேண்டிடா மொட்டுகளோடு நீண்ட இழைகளும் விடும், கிளாப்ராட்டா வகை மட்டும் இழை விடாது.

உருண்டைகள் சிதைந்திருந்தால் ஒன்று இன்னொன்று போல் தெரியும். அப்போது கல்ச்சர்தான் தீர்ப்புச் சொல்லும்.

ரத்தப் பரிசோதனையில் தெரியாதா?

சிலவற்றில் தெரியும். கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென் (பூஞ்சையிலிருந்து கசியும் பொருள்) பரிசோதனை மிக நம்பகமானது, கர்ப்பப் பரிசோதனைப் பட்டை போன்ற பட்டையிலேயே சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஹிஸ்டோபிளாஸ்மாவுக்குச் சிறுநீரில் ஆன்டிஜென் தேடலாம், ஆனால் பிளாஸ்டோமைசிஸ் இருந்தாலும் அது பாசிட்டிவ் காட்டும். காக்சிடியாய்டிஸுக்கு எதிர்ப்பொருள் (பூஞ்சைக்கு எதிராக உடம்பு உண்டாக்குவது) அளவு உதவும். அது 1:16, அதாவது 16 மடங்கு நீர்த்த பிறகும் தெரிகிற அளவு, அல்லது அதற்கு மேல் இருந்தால் நுரையீரலைத் தாண்டிப் பரவியிருக்கிறதா என்று தேடுவார்கள்.

பீட்டா-டி-குளூக்கான் என்று, பூஞ்சைச் சுவரில் உள்ள ஒரு பொருளை ரத்தத்தில் தேடும் பரிசோதனை இருக்கிறது. அது நெகட்டிவ் என்றதும் பூஞ்சையே இல்லை என்று நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். கிரிப்டோகாக்கஸும் பிளாஸ்டோமைசிஸும் அதில் சிக்காமல் போவது வழக்கம்.

நான் சில வருடம் அமெரிக்காவில் வேலை பார்த்தேன். அதையெல்லாம் சொல்ல வேண்டுமா?

அவசியம் சொல்லுங்கள். அரிசோனா, கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கு போன்ற வறண்ட இடங்களின் புழுதியில் காக்சிடியாய்டிஸ் இருக்கிறது. பெரிய ஏரிகளைச் சுற்றியும் ஒஹையோ, மிசிசிப்பி ஆற்றுப் பகுதிகளிலும் ஈரமண்ணிலும் மக்கிய மரத்திலும் பிளாஸ்டோமைசிஸ் இருக்கிறது. ஃபீனிக்ஸிலும் சிகாகோவிலும் நம்மவர்கள் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள்! ஊர் திரும்பிப் பல மாதம் கழித்தும் நோய் தெரியவரலாம். இங்கே நாங்கள் அதைத் தேட மாட்டோம், ஏனென்றால் எங்களுக்கு அது பழக்கமில்லாத பூஞ்சை.

லேப்புக்கும் அது தெரிய வேண்டும். காக்சிடியாய்டிஸ் தட்டில் வளரும்போது வெளிவரும் வித்துகளை மூச்சில் இழுத்தால் அங்கே வேலை செய்பவருக்கே நோய் வரும். "அரிசோனாவில் இருந்தவர்" என்று படிவத்தில் ஒரு வரி இருந்தால், தட்டைத் திறக்கும் முன் நாங்கள் உஷாராகிவிடுவோம்.

வேறு எதைச் சொல்ல வேண்டும்?

சுகர் அளவு, எடுத்துக்கொள்ளும் எல்லா மாத்திரைகளும், குறிப்பாக ஸ்டீராய்டு. மூட்டுவலிக்கு என்று வாங்கிச் சாப்பிட்ட பெயர் தெரியாத சூரணத்தையும் பொடியையும் சேர்த்துச் சொல்லுங்கள், சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். எச்.ஐ.வி. பரிசோதனைக்குத் தயங்காதீர்கள். உங்கள் நடத்தையைச் சந்தேகித்து யாரும் அதைக் கேட்பதில்லை, பூஞ்சை உள்ளே வர எது இடம் கொடுத்தது என்று பார்க்கத்தான் கேட்கிறார்கள்.

மனைவிக்குத் தொற்றுமா?

இந்தப் பூஞ்சைகள் பொதுவாக ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுபவை இல்லை. பிளாஸ்டோமைசிஸ் கணவரிடமிருந்து மனைவிக்குப் போனதாக மிகமிக அரிதாகப் பதிவுண்டு. கேண்டிடா பிறப்புறுப்புத் தோலில் அரிப்பு தரலாம். சிகிச்சை முடியும் வரை ஆணுறை போதுமான பாதுகாப்பு.

ரிப்போர்ட் வரும்வரை ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரை போட்டுப் பார்த்தால் என்ன?

உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் டாக்டர் காத்திருக்க மாட்டார், அது சரிதான். மற்றபடி சாம்பிள் எடுக்கும் முன் மாத்திரை போட்டால் கல்ச்சர் வளராமல் போகலாம். போடும் மாத்திரையும் தவறாக இருக்கலாம். ஃப்ளூகோனசோல் சிறுநீரிலும் புராஸ்டேட்டிலும் நன்றாக இறங்கும், ஆனால் கிளாப்ராட்டா வகைக் கேண்டிடா பல நேரம் அதற்கு அடங்காது. ஆஸ்பர்ஜில்லஸுக்கு அது வேலையே செய்யாது. எக்கினோகேண்டின் வகைப் பூஞ்சை மருந்து ஊசிகள் ரத்தத்தில் நன்றாக வேலை செய்தாலும் சிறுநீரில் மிகக் குறைவாகவே இறங்கும். எந்தப் பூஞ்சை, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பது கையில் இருந்தால்தான் டாக்டரால் சரியாகத் தேர்ந்தெடுக்க முடியும்.

சிகிச்சையும் ஒரு வாரத்துச் சமாச்சாரம் இல்லை. பிளாஸ்டோமைசிஸுக்கு 6 முதல் 12 மாதம், நுரையீரலைத் தாண்டிப் பரவிய காக்சிடியாய்டிஸுக்குக் குறைந்தது ஒரு வருடம். தவறான பெயரோடு அத்தனை மாதம் மருந்து சாப்பிடுவதை நினைத்துப் பாருங்கள்.

புராஸ்டேட்டில் பூஞ்சை உறுதியாகிவிட்டது. பரிசோதனைகள் முடிந்ததா?

இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கிரிப்டோகாக்கஸ் என்றால் தலைவலி இல்லாவிட்டாலும் முதுகுத் தண்டு நீரை எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள், பயந்து மறுக்காதீர்கள். மற்றவற்றுக்கு நுரையீரல் ஸ்கேன், தோல், எலும்பு எல்லாம் பார்ப்பார்கள். கேண்டிடா என்றால் ரத்தக் கல்ச்சரும் தேவைப்படலாம். சிகிச்சை முடியும்போது, புராஸ்டேட்டை அழுத்தி எடுத்த சிறுநீரில் மறுபடி பூஞ்சைக் கல்ச்சர் போட்டுப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கல்ச்சர் ரிசல்ட்டுக்கு ஏன் இவ்வளவு நாள்?

வாரம் ஒருமுறை போனில் வரும் கேள்வி இது. கேண்டிடா ஒன்று முதல் மூன்று நாளில் வளர்ந்துவிடும். கிரிப்டோகாக்கஸ் ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் தெரியும். காக்சிடியாய்டிஸும் சில நாட்களில் வரக்கூடியதுதான். பிளாஸ்டோமைசிஸுக்கு ஒன்று முதல் நான்கு வாரம். ஹிஸ்டோபிளாஸ்மாவுக்கு ஆறு வாரம் வரை பொறுக்க வேண்டும். நடுவில் ஏதாவது முளைத்தால் அன்றைக்கே டாக்டருக்குச் சொல்லிவிடுவோம், உங்கள் போனுக்காகக் காத்திருக்க மாட்டோம். ஒன்றும் சொல்லவில்லை என்றால் தட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம்.